காமனுக்கு வாங்கிய வரிவிலக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வரைவை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அம்மாவாகப் படித்தேன். குறை ஒன்றும் தென்படவில்லை. இரண்டாம் முறை, கூடலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் ஊரார் கணக்கைத் தட்டச்சு செய்தவளாகப் படித்தேன். ஒன்பது பிழை கிடைத்தது. எட்டுப் பிழைகள் காற்புள்ளி சம்பந்தப்பட்டவை. அவற்றைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது, பார்க்க எந்தக் குறையும் இல்லாத ஒரு வாக்கியம். அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் நீ டில்லிக்குப் போய், கலைகளுக்கு நன்கொடை தருபவர்களுக்கு வரியில் கழிவு கொடுக்கும் சட்டத்தை எழுதுகிற குழுவில் உட்காரப் போகிறாய். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் நீ கேட்டுக்கொண்டதாக நம்பி வைத்துவிடுவேன். காகிதத்தில் "சரிம்மா" சொல்ல வழியில்லை.

உன் திட்டத்தை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒருவர் ஒரு நாடகக் குழுவுக்கோ இசை மன்றத்துக்கோ பணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதியை அரசாங்கம் அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துவிடுகிறது. ஆக, அரசாங்கம் கலைக்குப் பணம் தருகிறது. எந்தக் கலைக்கு என்று அது தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதைப் பணம் உள்ளவர் பார்த்துக்கொள்வார். பணம் உள்ளவர் தருமம் செய்கிறார்; அதில் ஒரு பங்கு ஊரார் பணம் என்பதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. கலைஞர் இருவருக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டுவிடுகிறார். இத்தனை பேரை ஒரே நேரத்தில் மகிழ்விக்கும் சட்டங்கள் குறைவு. நான் கிண்டல் செய்யவில்லை. ஒழுகுகிற அரங்கத்துக்குக் கூரை போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் தகராறு பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியோடுதான். "இத்தகைய நன்கொடைகள் பெருகும்போது, உள்ளூர் மக்களிடம் சில்லறையாகத் திரட்டும் வழக்கம் படிப்படியாகத் தேவையற்றுப் போகும்" என்று எழுதியிருக்கிறாய். இதே வரியை நானும் ஒரு முறை, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து ஜனம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், முழுவதும் கூடியிருக்கும்போது சொன்னேன். அப்போது நீ கோயம்புத்தூரில் என் அப்பா, உன் அப்பிச்சி, வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். இத்தனை வருடம் அதை உன்னிடம் சொல்லாமல் இருந்தது எங்கள் இல்லறத்தில் அவர் செய்த பெரிய தியாகங்களில் ஒன்று.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். கொழுந்துக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே வளர விட்டார்கள். பெரிய தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அப்பா கடையில் ரப்பர் பூட்ஸும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் படுதாவும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. மழை ஒழுங்காகத்தான் பெய்தது; நனையாமல் இருக்க ஜனங்களுக்கு வசதியில்லை. எங்கள் அலுவலகத்தில் மட்டும் வேலை குறையவே இல்லை. லாபத்தைக் காட்ட ஒரு பக்கம் போதும். நஷ்டத்தை விளக்க நாலு பக்கம் வேண்டும்.

ராமையா முதலில் வந்தது அப்பா கடைக்குத்தான். தோட்டத்து ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மெஷினில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் பெற்றோரோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். அப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சாமான்களில், சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்ட முடியாத ஒன்று காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்ததும் லயத்து வீடுகளுக்கு முன்னால் உள்ள மைதானத்தில் ஆமணக்கும் கரும்பும் வைக்கோல் பிரியும் சுற்றி ஒரு கம்பம் நடுவார்கள். அதுதான் காமன். பௌர்ணமி வரை ரதியும் மன்மதனும் ஆடுவார்கள், சிவனும் வந்து ஆடிப் போவார். கடைசி நாள் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். ராமையாதான் சிவன். மற்றவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான். நட்ட காமனை எரிக்காமல் பிடுங்குகிற வழக்கம் கிடையாது. கையில் காப்புக் கட்டியவர்கள் எரித்த பிறகுதான் அவிழ்க்கலாம்.

அன்று அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். ராமையா ஒரு படுதாவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இந்த வருசம் காமன் நிக்கிறது சந்தேகந்தாங்க மொதலாளி. மூணு நாள் வேலையில எவன்கிட்டப் போயி அரைப் பேர் கேக்குறது?" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. கூத்துக்கு வீட்டுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. வேலை வாங்குகிற கங்காணியானாலும் கொழுந்து எடுக்கிறவளானாலும் அவரவர் கூலியில் பாதி. தொகை வேறாக இருக்கும், அளவு ஒன்றுதான். வசூல் செய்வது ராமையாவின் அக்கா மாரியாயி. அவர் வாசலில் வந்து நின்றால், காய்ச்சலில் படுத்திருப்பவன்கூட எழுந்து உட்கார்ந்து கொடுத்துவிடுவான் என்றார் ராமையா.

அவர் போன பிறகு நான் அப்பாவிடம், "ஏனுங்க, ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா என்னங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கு, புள்ள?"

"காமனுக்குத்தான்."

அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவனையே கொளுத்தப் போறாங்க. அவன் பேர்ல டிரஸ்ட் போட்டு என்ன பண்ணுவே?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கெடுதல். தோட்டத்து ஜனத்திடம் பணம் இல்லை. தேயிலை ஃபேக்டரி முதலாளிகளிடம் இருக்கிறது, அல்லது இருந்தது. அவர்கள் நன்கொடை கொடுத்தால் வருமானத்தில் கழித்துக்கொள்ள 80ஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் அனுமதி வாங்கத் தெரிந்த ஒருத்தி, எல்லாக் காகிதமும் கைக்கெட்டுகிற தூரத்தில், பூட்ஸ் கடையில் உட்கார்ந்து சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த வேலையை உலகத்துக்குத் தேவையான வேலை என்று நினைத்துக்கொள்வதற்கு வேறென்ன வேண்டும்? அந்த வருடம் அவர்கள் எப்படியோ கூட்டிக் குறைத்து ஆடி முடித்துவிட்டார்கள். எப்படி முடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அறக்கட்டளையைப் பதிவு செய்தோம். ஆடிட்டர் கட்டணம் வாங்கவில்லை. விண்ணப்பம் போன கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வந்தது. இந்த நிகழ்ச்சி குறிப்பிட்ட ஒரு மதத்தின் சடங்கா, கலையா என்று விளக்கவும். சடங்கென்றால் விலக்கு இல்லை. முறையான கேள்விதான், மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். நான் மூன்று பக்கம் பதில் தட்டினேன். அதில் சிவன் "கதையின் பிற்பகுதியில் வரும் ஒரு கதாபாத்திரம்" என்றும், விபூதி "ஒப்பனைப் பொருள்" என்றும் இருந்தது. ராமையா கையெழுத்துப் போட வந்தபோது வாசித்துக் காட்டினேன். பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"கதாபாத்திரமாம்மா?"

"ஆபீசுக்கு அப்படிச் சொல்லோணும் ராமையா."

"அப்ப நான் எதுக்குப் பதினஞ்சு நாளு ஒரு வேளை சோறு திங்கிறேன்? செருப்பு போடாம அலையறேன்?"

"அதை நடிப்புப் பயிற்சின்னு எழுதியிருக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "சாமிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். அனுமதி வந்தது. காமனுக்கு வரிவிலக்கு வாங்கிக் கொடுத்தவள் என்று மலையில் என்னைத் தவிர யாரும் இருக்க முடியாது. அந்தப் பெருமை எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, மறைப்பானேன்.

அடுத்தது நன்கொடை தருபவர்களுக்குக் கூத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் பந்தலூருக்கு வர மாட்டார்கள் என்பதால் கூத்து குன்னூருக்குப் போயிற்று. ஒரு மதிய நேரம், ஒரு சங்கத்தின் கூடத்தில், நாற்பது நிமிடம், தேநீருக்கு முன்னால். வழியில் நடுவட்டம் ஊரில் பஸ் நின்றபோது ரதி வேஷம் போடுகிற ஆள், தாடி மழித்த முகத்தோடும் பாதி மையிட்ட கண்ணோடும் இறங்கி வடை வாங்கினான். கடைக்காரர் மரியாதையாக ஒன்று அதிகம் கொடுத்தார். கூடத்தில் மரத் தரை. நெருப்பு கூடாது என்றார்கள். ஆகவே ஒரு மேஜை விசிறியின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிப் பறக்கவிட்டு காமனை எரித்தோம். எல்லாரும் நன்றாகக் கை தட்டினார்கள். தேவர்சோலைப் பக்கம் ஃபேக்டரி வைத்திருந்த பொன்னுசாமி, எங்கள் ஆடிட்டரிடம் கணக்குப் பார்ப்பவர், கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அம்மிணி. ஒண்ணு மட்டும் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"எரிக்கறது எதுக்குங்க? அந்தப் பையன் என்ன பெரிய தப்புப் பண்ணிப்போட்டான்? மன்னிச்சு உட்ருலாமுங்களே. பாத்துட்டுப் போறவங்களுக்கும் மனசுக்கு ஒரு நிம்மதியா இருக்கும்."

ராமையா பக்கத்தில் சடாமுடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பேசிப் பாக்குறேங்க" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. பொன்னுசாமி அந்த மாசிக்கு ஆகும் முழுச் செலவையும் தாமே ஏற்பதாக அங்கேயே சொன்னார். கைகுலுக்கினார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்த உற்சாகத்தில்தான் தோட்டத்துக்குப் போய்ப் பேசினேன். பிரட்டுக் களத்தில், காலையில் ஆள் எண்ணுகிற இடத்தில், எல்லாரையும் உட்கார வைத்து, வரிவிலக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். கடைசியில், "இனிமே நீங்க யாரும் அரைப் பேர் குடுக்க வேண்டியதில்ல. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். பெரியவங்க குடுப்பாங்க. நீங்க உக்காந்து சந்தோசமாப் பாத்தாப் போதும்" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. மாரியாயி மட்டும், "சும்மா உக்காந்தா?" என்று கேட்டார். "சும்மாத்தான்" என்றேன். அந்த அமைதியை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். கண்ணு, ஒரு கூட்டத்தில் நீ பேசி முடித்ததும் அமைதி வந்தால், அது நன்றியாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

மாசி வந்தது. காமனை நட்டார்கள். ராமையாவும் மற்றவர்களும் காப்புக் கட்டிக்கொண்டார்கள். நட்ட எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மார்ச்சில் கட்ட வேண்டிய முன்வரிக்காகப் பொன்னுசாமி ஃபேக்டரியின் கணக்கை ஆடிட்டர் மதிப்பிட்டார். தட்டச்சு செய்தது நான். மூன்றாம் பக்கம் போகும்போதே விரல் மெதுவாகிவிட்டது. சுத்தமான, சந்தேகத்துக்கு இடமில்லாத நஷ்டம். நஷ்டம் வந்தவருக்கு வரி இல்லை. வரி இல்லாதவருக்கு விலக்கு எதற்கு? ஒரு வருடம் பாடுபட்டு நான் வாங்கிய அனுமதியை, அது வேலை செய்ய முடியாத ஒரே மனிதரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்யாது என்பதற்கான சான்றையும் நானே, நான்கு பிரதிகள், தட்டிக் கொடுத்திருக்கிறேன். மற்ற முதலாளிகளுக்கும் போன் செய்தேன். அந்த வருடம் மலையில் நஷ்டம் இல்லாதவர்கள் பூட்டு விற்றவர்கள் மட்டும்தான்.

பொன்னுசாமி அலுவலகத்துக்கே வந்தார். உட்காரவில்லை. "அம்மிணி, விலக்கு கெடைச்சாத்தான் குடுப்பேன்னு நான் ஒரு நாளும் சொல்லலீங்க. ஆனா விலக்கும் இல்லாம எதுக்குக் குடுத்தீங்கன்னு பேங்குக்காரன் கேப்பானுங்களே. ஃபேக்டரியில ரெண்டு மாசச் சம்பளம் நிக்குது. கூத்துக்குக் குடுத்தேன்னா எம்மூஞ்சியில முழிப்பானுங்களா?" என்றார். மார்ச் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். காமனுக்கு மார்ச் முப்பத்தொன்று வரை நேரமில்லை. பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மேளக்காரர்கள் கூலி, வேஷ சாமான் வாடகை, விறகு. அறக்கட்டளையின் மொத்தச் சொத்து அதன் ரப்பர் ஸ்டாம்ப்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்தேன். இங்கிதமான வாக்கியங்கள் நாலைந்து தயாராக இருந்தன. ராமையா லயத்து வாசலில், காப்புக் கட்டிய கையோடு, ஒரு வேளைச் சோற்றில் கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். மாரியாயி துணி அலசிக்கொண்டிருந்தார். இங்கிதம் எல்லாம் மறந்துபோய், "பணம் வராது. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாரியாயி துணியைப் பிழிந்து முடித்தார். பிறகு, "நஷ்டம்னா குடுக்க மாட்டாங்களாம்மா?" என்றார்.

"லாபம் வந்தாத்தான் வரி. வரி இருந்தாத்தான் விலக்கு."

"அப்ப அவங்களுக்கு லாபம் வர்ற வருசம் மட்டுந்தான் நம்ம காமன் எரியும்?"

அனுமதிக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் பொருள் அதுதான். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். கோபப்படுவார் என்று தயாராக வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு மிகவும் சிரமமாக இருந்தது.

ராமையா எழுந்து வந்தார். "காசை விடுங்கம்மா, அது எப்பவும் இல்லாததுதானே. பத்து நாளா ஆடுறேன், ஒருத்தன் ஏசல! கை தட்டுறானுங்கம்மா! குன்னூர்ல தட்டுனாங்களே, அதே மாதிரி. கால் தப்பிப் போச்சுன்னு எனக்கே தெரியுது, அதுக்கும் தட்டுறான்."

"அவங்க எதுக்கு உங்கள ஏசோணும்?"

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு வருடமாக நான் எதைத் தெரிந்துகொள்ளாமல் பதிவு செய்தேன் என்பது மெல்லப் புரிந்தது. அரைப் பேர் கொடுத்தவருக்கு ஓர் உரிமை உண்டு. ஆட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, "சிவனே, காலு தப்பு, மறுபடி ஆடு!" என்று கத்தலாம். சிவன் ஆடித்தான் ஆக வேண்டும். ரதியின் அழுகை போதவில்லை என்றால் திரும்ப அழச் சொல்லலாம். கொழுந்து எடுக்கிற கிழவி கங்காணியின் மகனைப் பார்த்து, "இதுவா வில்லுப் பிடிக்கிற கை? கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். செடி வெட்டுகிற கத்தியோடு மன்மதனை ஒப்பிடும் அந்த வாக்கியத்துக்கு அவள் அரை நாள் கூலி கட்டியிருக்கிறாள். வருடம் முழுவதும் மற்றவர்கள் ஏசக் கேட்டவர்களுக்கு ஏசுவதற்கென்று பதினைந்து நாள். அதைத்தான் நான் பெருந்தன்மையோடு ரத்து செய்திருந்தேன்.

"காசு குடுக்காம எப்படியம்மா ஏசுறது? மரியாதை இல்லையே" என்றார் மாரியாயி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்தார். லயம் லயமாகப் போனார். நான் பின்னால் போனேன். மூன்று நாள் வேலையில் அரைப் பேர் தர முடியாதவர்கள் கால் பேர் தந்தார்கள். "கால் பேருக்கு உக்காந்துக்கிட்டு ஏசு, எந்திரிச்சு நிக்காதே" என்று அவர்களுக்கு அங்கேயே ஒரு விதி போட்டார். சட்டம் எழுத எத்தனை நேரம் ஆகிறது என்று உன்னை டில்லியில் கேட்டார்கள் என்றால், மாரியாயிக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. கடைசி வீட்டை முடித்துவிட்டு டப்பாவை என் முன்னால் நீட்டினார். "உங்க மாசச் சம்பளம் எவ்வளவும்மா?" சொன்னேன். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "ஞாயித்துக்கிழமைக்கும் சம்பளமா?" ஆமாம் என்றேன். "நல்லா இருங்க" என்று சொல்லி, அதற்கும் சேர்த்துப் பாதியை வாங்கிக்கொண்டார்.

உனக்குச் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையில் மறந்துபோவேன். உன் சட்டம் வரட்டும். பணம் உள்ளவர் கொடுக்கட்டும், வரியில் கழித்துக்கொள்ளட்டும். அவர்கள் பெயரைக் கல்லில் பொறித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால் அவர்கள் பணம் நல்ல வருடத்துப் பணம். கெட்ட வருடத்தில் கூத்தைத் தாங்குவது, விலக்கு என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களின் அரைப் பேர். அதைத் தேவையற்றது என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால் ஜனங்கள் மரியாதைக்காக நம்பிவிடுவார்கள். அந்த வரியை அடித்துவிடு. முடிந்தால் அங்கே இன்னொரு விதி போடு: ஒரு குழுவுக்கு எவ்வளவு பணம் வந்தது என்று பார்ப்பதற்கு முன், அதை ஏசுகிற உரிமையோடு எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டில்லியில் இதற்குப் படிவம் தயாரிப்பது கடினம் என்பார்கள். படிவம் நான் தயாரித்துத் தருகிறேன். சிவனையே ஒரு கட்டத்துக்குள் அடைத்தவள் நான்.

மீதியையும் கேள். டப்பாவில் சேர்ந்தது மேளத்துக்கும் வேஷத்துக்கும் சரியாக இருந்தது. விளக்கு வாடகைக்கு இல்லாததால் பொழுது சாய்வதற்குள் எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. விறகுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் காமன் ஆள் உயரத்துக்கு எரிய வேண்டும், ரதி அழுது முடிக்கும் வரை அணையக் கூடாது. வீட்டுக்கு இரண்டு கட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. பௌர்ணமியன்று மதியம் அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்திருந்தார். அவருடைய அரைப் பேரை மாரியாயி வாசலிலேயே வாங்கிவிட்டார். "யாவாரமே இல்லீங்களே" என்று இவர் சொன்னது எடுபடவில்லை.

நாலு மணி இருக்கும். பொன்னுசாமியின் ஜீப் மேட்டில் வந்து நின்றது. இறங்கி, மைதானத்துக்கு வராமல், ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போய்க் கூப்பிடலாம் என்று எழுவதற்குள் மாரியாயி டப்பாவோடு அவர் முன்னால் போய்விட்டார்.

"வாங்க தொரை. அரைப் பேர் குடுத்துட்டு உக்காருங்க."

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஏனுங்க அக்கா, அரை நாள் வருமானந்தானுங்களே அது? எனக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டமுங்க. குடுத்தா அரை நாள் நஷ்டத்தைத்தான் குடுக்கோணும்."

"குடுங்க" என்றார் மாரியாயி. "இங்கன எல்லாரும் அதைத்தான் குடுத்திருக்கோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுசாமி சிரிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், காமனைப் பார்த்தார், கம்பத்தைச் சுற்றிக் கிடந்த அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஜீப் போயிற்று. ராமையா ரதியையும் மன்மதனையும் நீட்டி நீட்டி ஆடவைத்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு ஃபேக்டரி லாரி வந்தது. கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு அரை நாளைக்கு ஆகும் விறகு. நாலு நாளாக ஓடாத ஃபேக்டரியில் அடுக்கி வைத்திருந்தது, சுத்தமாக உலர்ந்த சவுக்கு. ஆண்கள் எல்லாரும் இறங்கி அடுக்கினார்கள். அப்பா பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்று யோசனை சொன்னார். குவியல் ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. மாரியாயி கணக்குப் பார்த்துவிட்டு, "முழுப் பேராவே வரும். நின்னுக்கிட்டு ஏசலாம்" என்று பொன்னுசாமிக்கு முன்வரிசையில் இடம் காட்டினார்.

சிவன் வந்தார். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே ஒரு கிழவி எழுந்து கத்தினாள். ராமையாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. மறுபடி ஆடினார். இன்னொருவன் எழுந்தான். மறுபடி ஆடினார். எனக்குள் இருந்த அலுவலகக்காரிக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நன்கொடையைப் பணமாகக் கொடுத்தால்தான் விலக்கு. பொருளாகக் கொடுத்தால் இல்லை, விறகுக்குச் சுத்தமாக இல்லை. நாளைக்கு நல்ல வருடம் வந்து இவர் கணக்குக் கேட்டால் என்ன செய்வது? நான் குனிந்துகொண்டே முன்வரிசைக்குப் போய், அவர் முழங்கைப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னேன்: "விறகுக்கு ரசீது போட முடியாதுங்க. சட்டத்துல இடமில்லைங்க."

பொன்னுசாமி எழுந்து நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சிவனை நோக்கி நீட்டிய விரலை இறக்காமல், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"செத்த இருங்க அம்மிணி. நான் ஏசிட்டு இருக்கறனுங்க."

அம்மா